எதைப் பாதுகாத்தார்கள், யார் பாதுகாத்தார்கள்?

ஐரோப்பா போய்வந்த நம் வயதுக்காரர்கள் யாரிடம் பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு வாக்கியம் வந்துவிடும். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் சார். எத்தனை நூறு வருஷத்துக் கட்டடத்தை எப்படிப் பாதுகாக்கிறான் பாருங்க! நம்ம ஊர்ல..." என்று ஆரம்பித்து, கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தது, கோயில் தூணில் ஆணி அறைந்து ட்யூப் லைட் மாட்டியது என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை நான் மறுக்கவில்லை. நம் ஊர் லட்சணம் எனக்கும் தெரியும். என் சண்டை வாக்கியத்தின் முதல் பாதியோடுதான். அதிலும் பிராக் நகரத்து யூதர் பகுதியைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்கிறவர்களோடு கடும் சண்டை.

செக் நாட்டின் தலைநகரம் பிராக். நானும் என் மனைவியும் போன குழுச் சுற்றுலா அந்த ஊரில்தான் முடிந்தது. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். நாங்கள் மூன்று நாள் கூடத் தங்கிவிட்டு, ரயிலேறி பெர்லினில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அந்த மூன்று நாள் இல்லையென்றால் யூதர் பகுதியை நாங்கள் பார்த்திருக்கவே முடியாது. காரணத்தைக் கேளுங்கள். பயண நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் "யூதர் பகுதி, 30 நிமிடம்" என்று போட்டிருந்தது சனிக்கிழமையில்! சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்றைக்கு அங்கே அருங்காட்சியகமும் கிடையாது, கல்லறைத் தோட்டமும் கிடையாது, எல்லாம் பூட்டு. "வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றார் கூட வந்தவர். எங்கள் ஆட்கள் பூட்டிய கதவின் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கடையில் களிமண் பொம்மை வாங்கினார்கள். பஸ்ஸில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிட்டது: "எப்படிப் பாதுகாக்கிறான் பாருங்க!"

ஒரு மதத்தின் ஓய்வுநாள் என்றைக்கு என்றுகூடத் தெரிந்துகொள்ளாத நிறுவனம், அந்த மதத்தாரின் பாரம்பரியத்தைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறது. வெள்ளிக்கிழமை மதியம் மசூதிக்குள் கூட்டத்தை நுழைப்பதுபோல. அந்தக் கோபம் ஒருபக்கம் இருக்கட்டும்.

மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். பாதி நாள் என்று நினைத்துப் போனது முழு நாளாகி, அடுத்த நாளும் தொடர்ந்தது. பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். அங்கே நிற்கிற ஒவ்வொன்றையும் பார்த்து "பாதுகாத்தார்கள்" என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். எதைப் பாதுகாத்தார்கள்? யார் பாதுகாத்தார்கள்?

முதலில் அந்தப் பழைய கல்லறைத் தோட்டம். புகைப்படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுமார் 12,000 கற்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, கோணலும் மாணலுமாக, மரநிழலில் நிற்கும். மிகப் பழைய கல் 1439-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1787 வரை அங்கே அடக்கம் செய்தார்கள். "என்ன அழகு!" என்று எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவர் வியந்தார். அந்த நெருக்கம் அழகுக்காக வந்ததல்ல. யூதர்கள் ஊருக்குள் மதிலும் கதவும் வைத்த ஒரு பகுதியில் வாழ வேண்டும், செத்தாலும் அதற்குள்ளேயே புதைக்க வேண்டும். கூடுதல் நிலம் கிடைக்கவில்லை. புதைத்த உடலைத் தோண்டி எடுப்பது அவர்கள் மதத்தில் ஆகாது. ஆகவே பழைய கல்லறையின் மேல் மண்ணைக் கொட்டி, அதன் மேல் அடுத்த தலைமுறையைப் புதைத்தார்கள். பழைய கல்லை மேலே தூக்கிப் புதுக் கல்லோடு நட்டார்கள். சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வரை போகிறதாம். இடம் கொடுக்காதவர்களின் கைவண்ணம் அது. அதைப் பார்த்து இடம் கொடுக்காதவர்களையே பாராட்டிவிட்டு வருகிறோம்.

அங்கே ஓய்வெடுக்கிறவர்களில் ஒருவர் அவிக்தோர் காரா என்ற ரபி. நான் மேலே சொன்ன 1439-ஆம் ஆண்டுக் கல் அவருடையதுதான். 1389-இல் ஈஸ்டர் சமயத்தில் பிராக் யூதர்கள் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. அதில் உயிர் தப்பிய காரா எழுதிய இரங்கற்பா இன்றும் பிராக் யூதர்களின் வழிபாட்டில் ஓதப்படுகிறது. அதே தோட்டத்தில்தான் 1609-இல் இறந்த ரபி லோவின் கல்லறையும் இருக்கிறது. களிமண்ணால் ஒரு மனிதனைச் செய்து உயிர்கொடுத்து யூதர்களைக் காக்க வைத்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை பிற்காலத்தில் கிளம்பியது. அந்தக் களிமண் மனிதன் பெயர் கோலெம். எங்கள் குழு கடையில் வாங்கிய பொம்மை அதுதான். காக்க வேறு யாருமில்லாத மக்கள் களிமண்ணை நம்பிக் கதை கட்டிக்கொண்டார்கள். அந்தக் கதை இன்று சாவிக்கொத்தில் தொங்குகிறது.

கட்டடங்களுக்கு வருவோம். 1744-இல் ராணி மரியா தெரேசா பிராக் யூதர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவிட்டார். கடும் குளிரில் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். 1748-இல்தான், அதுவும் பெரும் வரி கட்ட ஒப்புக்கொண்ட பிறகு, திரும்பவிட்டார்கள். அவருடைய மகன் இரண்டாம் ஜோசப் கொஞ்சம் சலுகை காட்டினார். அவர் பெயரால்தான் அந்தப் பகுதிக்கு யோசெஃபோவ் என்று பெயர். பிறகு 1890களில் நகராட்சி "சுகாதாரச் சீரமைப்பு" என்று கிளம்பி, அந்தப் பகுதியின் தெருக்களையும் வீடுகளையும் இடித்துத் தள்ளியது. சுகாதாரக் கேடு இருந்தது உண்மைதான். வசதியான யூதர்கள் அதற்குள் வெளியேறிவிட்டார்கள். எல்லா மதத்து ஏழைகளும் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஆனால் இடித்த இடத்தில் எழும்பியவை ஏழைகளுக்கான வீடுகள் அல்ல, பணக்காரர்களுக்கான மாளிகைகள். இன்று விலையுயர்ந்த கைப்பைக் கடைகள் நிறைந்திருக்கும் பாரிஸ் தெரு அப்படி வந்ததுதான். ஆறு சினகாக், ஒரு யூதர் நகர மன்றம், ஒரு கல்லறைத் தோட்டம், இவைதான் மிச்சம். நம்மவர்கள் அந்தத் தெரு முழுவதையும் "பழைய யூதர் தெரு" என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். பழைய தெரு அந்தக் கைப்பைக் கடைகளுக்கு அடியில் போய்விட்டது.

"சரி, நாஜிகள்கூட அதை இடிக்கவில்லையே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. 1939 மார்ச்சில் நாஜிகள் உள்ளே வந்தபோது போஹேமியா, மொராவியா பகுதிகளில் சுமார் 1,18,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 80,000 பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராக ஆட்களை ரயிலில் ஏற்றியதும், அந்தந்த ஊர் சினகாக்கில் இருந்த வெள்ளி விளக்குகள், திரைச்சீலைகள், வேதச் சுருள்கள் எல்லாம் பிராகுக்கு வந்து குவிந்தன. 150க்கும் மேற்பட்ட ஊர்களின் சாமான்கள்! 1942-இல் அவற்றுக்காக மத்திய யூத அருங்காட்சியகம் ஒன்று ஏற்பட்டது. "அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகமாக வைக்க ஹிட்லர் திட்டம் போட்டான்" என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அப்படி எழுதிய ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. தெரிந்தது இதுதான்: வீணாகப் போகவிருந்த புனிதப் பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காப்பாற்றலாம் என்ற யோசனையை முன்வைத்தவர்கள் யூத சமூகத்தைச் சேர்ந்தவர்களே. நாஜிகள் தங்கள் கணக்குக்காகச் சம்மதித்தார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை எழுதி, எந்த ஊர், எந்த வருஷம், யார் காணிக்கை கொடுத்தது என்று பதிந்தவர்கள் யார்? யூத அறிஞர்கள்தான். தங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாமல் வேலை செய்தார்கள். யோசெஃப் போலாக், டோபியாஸ் யாகோபோவிட்ஸ் போன்றவர்கள் பிறகு அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பவே இல்லை. அந்த ஆய்வாளர்களில் பிழைத்துத் திரும்பியவர் ஹனா வோலவ்கோவா என்ற பெண்மணி. போருக்குப் பின் அதே அருங்காட்சியகத்துக்கு அவர்தான் இயக்குநரானார்.

பாதுகாத்தது யார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சாகப் போகிறவர்கள் பாதுகாத்தார்கள். ஆட்சியும் இல்லை, நகரமும் இல்லை, "வெள்ளைக்காரன்" என்று நாம் மொத்தமாகச் சொல்கிற அந்த ஆசாமியும் இல்லை.

இதே கதைதான் குழந்தைகளின் ஓவியங்களுக்கும். பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் டெரெசீன் என்ற கோட்டை ஊர். யூதர்களைக் கொண்டுபோய் அடைத்து வைத்து, அங்கிருந்து கிழக்கே கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். அங்கேயே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் சுமார் 33,000 பேர். அந்த ஊரில் ஃப்ரீடல் டிக்கர்-பிரண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை குழந்தைகளுக்கு ரகசியமாகப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் குழந்தைகள் வரைந்த சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். போர் முடிந்ததும் அவை பிராக் யூத சமூகத்தின் கைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றைப் பிங்காஸ் சினகாக்கின் மாடியில் வைத்திருக்கிறார்கள். வீடு, பூ, பட்டாம்பூச்சி, ரயில். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் பிறந்த வருஷமும். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டவர்கள்.

அதே சினகாக்கின் கீழ்த்தளச் சுவர்களில் தரையிலிருந்து விட்டம்வரை பெயர்கள். போஹேமியா, மொராவியாவில் கொல்லப்பட்ட அந்த ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களும் கையால் எழுதப்பட்டவை. ஊர் வாரியாகப் பிரித்து, குடும்பப் பெயரைச் சிவப்பில் போட்டு, ஒவ்வொருவர் பிறந்த தேதியும் கடைசியாகத் தெரிந்த தேதியும் கொடுத்திருக்கிறார்கள். என் மனைவி முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவள். ஒரு சுவர்முன் நின்று வரிசையாக வாய்க்குள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, இந்த ஒரு குடும்பத்துல ஏழு பேர். கடைசிக் குழந்தைக்கு நாலு வயசு. எல்லாருக்கும் ஒரே தேதி போட்டிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

இந்தச் சுவரின் வரலாறு தெரிந்தால் "எப்படிப் பாதுகாக்கிறான்" என்ற வாக்கியம் தொண்டையில் சிக்கும். வாத்ஸ்லாவ் போஸ்டீக், யிர்ஷி யோன் என்ற இரண்டு ஓவியர்கள் 1954 முதல் 1959 வரை உட்கார்ந்து அந்தப் பெயர்களை எழுதினார்கள். 1968-இல் நிலத்தடி நீர் ஏறிச் சுவர் கெட்டது. சினகாக்கை மூடினார்கள். அன்றைய கம்யூனிஸ்ட் அரசு அதைத் திறக்க அவசரம் காட்டவில்லை. மராமத்து என்ற பெயரில் இருபது வருஷத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது. சுவர்ப்பூச்சோடு பெயர்களும் போய்விட்டன! ஆட்சி மாறிய பிறகு, 1992 முதல் 1996 வரை, அத்தனை பெயர்களையும் முதலிலிருந்து மறுபடி எழுதினார்கள். நாங்கள் பார்த்தது அந்த இரண்டாவது எழுத்து. கொல்லப்பட்டவர்களின் பெயரை ஒரு முறை எழுதி, அழியவிட்டு, மறுபடி எழுத வேண்டிவந்த ஊர் அது.

இன்னும் கேளுங்கள். பல ஊர்களிலிருந்து வந்த தோரா சுருள்கள், நமக்கு ஓலைச்சுவடி எப்படியோ அவர்களுக்கு அப்படி, பிராகின் ஒரு புறநகர்ச் சினகாக்கில் ஈரத்தில் அடுக்கிக் கிடந்தன. 1964-இல் அன்றைய அரசு அவற்றை லண்டனுக்கு விற்றது. 1,564 சுருள்கள்! லண்டனில் ஒருவர் ஏறக்குறைய முப்பது வருஷம் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பழுதுபார்த்தார். இன்று அவை உலகம் முழுக்கப் பல ஊர்ச் சினகாக்குகளில் வாசிக்கப்படுகின்றன. ஒரு வகையில் நல்லதாயிற்று. ஆனால் விற்றவர்களின் நோக்கம் அதுவல்ல, அந்நியச் செலாவணி.

ஜிஷ்கோவ் என்ற பகுதியில் 1680-இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஆரம்பித்த இன்னொரு யூதக் கல்லறைத் தோட்டம் இருந்தது. 1980களில் அதன் ஒரு பகுதியைத் தோண்டித் தொலைக்காட்சிக் கோபுரம் கட்டினார்கள். ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் அந்தக் கோபுரம் தெரியும். எங்கள் குழுவுக்கும் பஸ்ஸிலிருந்தே காட்டினார்கள், கீழே என்ன இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. உச்சமாக ஒன்று: 2020-இல் நகரத்தின் நடுநாயகமான வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் நடைபாதையைப் பெயர்த்தபோது, பதித்திருந்த சதுரக் கற்களின் அடிப்பக்கத்தில் ஹீப்ரு எழுத்துகளும் தேதிகளும் தெரிந்தன. 1980களில் யூதக் கல்லறைக் கற்களை அறுத்து நடைபாதைக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு டிக்கெட் போட்டு வெளிநாட்டாருக்குக் காட்டினார்கள். இன்னொன்றின் கற்களை அறுத்து மக்களை அதன்மேல் நடக்கவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பிராக் போன அத்தனை பேரின் செருப்பும் அந்தக் கற்களில் பட்டிருக்க வாய்ப்புண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 1989-க்குப் பிறகு வந்த செக் அரசு பலதையும் சரிசெய்தது. அருங்காட்சியகத்தை 1994-இல் யூத சமூகத்திடமே திருப்பிக் கொடுத்தது. பெயர்கள் மறுபடி எழுதப்பட்டன. அறுபட்ட கற்களை யூத சமூகத்திடம் ஒப்படைத்தார்கள். ஜிஷ்கோவ் தோட்டத்தின் மிச்சப் பகுதியில் 2022-இல் அவற்றைக்கொண்டு ஒரு நினைவிடம் அமைத்தார்கள். சார்லஸ் பாலத்தில் ஒரு சிலுவையைச் சுற்றிப் பொன்னிற ஹீப்ரு எழுத்துகள் இருக்கும். 1696-இல் ஒரு யூதர்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டி, தண்டமாக அவர் பணத்திலேயே, அவர் மதத்தின் புனித வாசகத்தையே அங்கே பதிக்க வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அதன் பக்கத்தில் விளக்கப் பலகை வைத்தார்கள். எழுத்துகளைப் பிடுங்கி எறிந்து நடந்ததை மறைக்கவும் இல்லை, சும்மா விட்டுவிடவும் இல்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் இந்தப் பலகைதான். கெட்டதையும் எழுதிவைக்கிற துணிவு. அது பழைய பெருமையல்ல, நேற்று வந்த புத்தி. வந்தவரைக்கும் நல்லது.

"ஊர் சுற்றப் போன இடத்தில் இந்த சோகக் கதையெல்லாம் எதற்கு? நமக்கு இருக்கிற வயதுக்கு அழகைப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா?" இதுவும் நண்பர்கள் கேட்டதுதான். அழகைப் பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? 1270 வாக்கில் கட்டி இன்றும் வழிபாடு நடக்கிற பழைய-புதிய சினகாக்கைப் பாருங்கள். நகர மன்றத்துச் சுவரில் ஹீப்ரு எழுத்துப் போட்டு வலமிருந்து இடமாக ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள், பேரப்பிள்ளைகளுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆனால் சாவு விழுந்த வீட்டுக்குப் போய்விட்டு, "வீட்டை என்ன சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லித் திரும்புகிறவரை நம் ஊரில் என்ன சொல்வோம்? நம் வயதுக்காரர்களுக்குத்தான் இந்த இடம் அதிகம் புரிய வேண்டும். நாம் பார்க்காத சாவா?

அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த மேடலின் ஆல்பிரைட் பிராகில் பிறந்தவர். கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டார். தன் குடும்பம் யூதக் குடும்பம் என்பதும், தாத்தா பாட்டிகளில் மூவர் நாஜிகளால் இறந்தார்கள் என்பதும் 1997-இல்தான் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய வருஷமே அவர் பிங்காஸ் சினகாக்குக்கு வந்து அதே சுவர்களைப் பார்த்துப் போயிருந்தார். தன் சொந்தத் தாத்தா பாட்டி பெயரைத் தேட வேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை. மறுபடி வந்துதான் தேடிப் பார்த்தார். வெறுமனே பார்ப்பதற்கும் படிப்பதற்கும் அவ்வளவு தூரம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகை நாள்களிலும் போகாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் 30 நிமிடம் போட்டிருந்தால் பணம் கட்டும் முன்பே நிறுவனத்தோடு சண்டை போடுங்கள், குறைந்தது அரை நாள் கேளுங்கள். கட்டணம் அதிகம் என்று முணுமுணுக்காதீர்கள், அருங்காட்சியகம் இன்று அவர்கள் கையில் இருக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும், நுழைவிடத்தில் காகிதத் தொப்பி கிடைக்கும். கல்லறைமேல் கூழாங்கற்கள் வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது அவர்கள் மரியாதை செலுத்தும் முறை, நினைவுக்காக எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். சுவர்முன் செல்ஃபி வேண்டாம். ஏதாவது ஒரு குடும்பத்தின் பெயர்களை, ஒன்றே ஒன்று போதும், முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள்.

ஊர் திரும்பி யாராவது "எப்படிப் பாதுகாக்கிறான்" என்று ஆரம்பித்தால், வீடுகள் போயின, தெருக்கள் போயின, 80,000 பேர் போனார்கள், மிஞ்சியதை அந்த 80,000 பேரில் சிலர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லுங்கள். பாராட்டு சேர வேண்டியது அவர்களுக்கு.